வினாடி வினாவுக்கு வினா அமைத்தல்

வினாடி வினாவுக்கு வினா அமைத்தல் என்பது, போட்டியில் கேட்கப்படும் பொது அறிவு வினாக்களைத் தேர்ந்து, எழுதி, சரிபார்த்து, விடைக்குறிப்புடன் தொகுக்கும் பணியாகும். பள்ளி ஆண்டு விழா, நூலக வார விழா, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, தொலைக்காட்சி நிகழ்ச்சி என வினாடி வினா பல இடங்களில் நடத்தப்படுகிறது. மேடையில் தெரிபவர் வினாவை வாசிப்பவர்தான் என்றாலும், போட்டியின் தரத்தைத் தீர்மானிப்பது முன்கூட்டியே எழுதப்பட்ட வினாத்தொகுப்பு ஆகும்.

வினா தவறாக இருந்தால் இரண்டு தீங்குகள் விளைகின்றன. சரியான விடையை அறிந்த போட்டியாளர் மதிப்பெண் இழக்கிறார். அரங்கில் இருப்போர் அனைவரும் தவறான செய்தியைச் சரியான விடை என்று நம்பி வீடு திரும்புகின்றனர். வரலாற்றுப் பெருமையும் வழக்காற்றுக் கதைகளும் நிறைந்த ஊர்களைப் பற்றிய வினாக்களில் இந்த ஆபத்து மிகுதி. தஞ்சாவூரும் காவிரிக் கழிமுகப் பகுதியும் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டுகள் ஆதலால், இக்கட்டுரையில் வினா அமைக்கும் முறைகள் அப்பகுதியைப் பற்றிய வினாக்களைக் கொண்டு விளக்கப்படுகின்றன.

பின்னணி

மறைத்துச் சொல்லி விடையைக் கேட்கும் வழக்கம் தமிழில் பழமையானது. தொல்காப்பியச் செய்யுளியல் 'பிசி' என்று குறிப்பிடுவது இன்றைய விடுகதைக்கு நெருங்கிய வடிவம். விடுகதையில் விடை குறிப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும். கேட்பவர் புதிய செய்தி எதையும் அறிந்திருக்க வேண்டியதில்லை, சிந்தித்தாலே போதும். வினாடி வினாவில் செய்தியறிவும் தேவை. நல்ல வினா இவ்விரண்டையும் சேர்த்துக் கேட்கிறது.

இந்தியாவில் முறையான பொது வினாடி வினாப் போட்டி 1967இல் கொல்கத்தாவில் நீல் ஓ பிரையன் நடத்தியதிலிருந்து தொடங்கியதாகக் குறிப்பிடப்படுகிறது. 1972இல் வானொலியில் தொடங்கிய போர்ன்விட்டா வினாடி வினா இதைப் பள்ளி மாணவர்களிடம் பரவலாகக் கொண்டு சென்றது. பின்னர் தொலைக்காட்சிகளில் வந்த கோடீசுவரன் வகை நிகழ்ச்சிகள், ஒரு வினாவுக்கு நான்கு தெரிவுகள் தரும் முறையைத் தமிழ் வீடுகளுக்கு அறிமுகப்படுத்தின.

ஒரு வினாவுக்கு ஒரே விடை

வினாவின் முதல் தகுதி, அதற்கு ஒரே ஒரு சரியான விடை இருப்பது. எழுதுபவர் மனத்தில் ஒரு விடை மட்டுமே இருப்பது போதாது. வினாவில் உள்ள சொற்களே மற்ற விடைகளை விலக்க வேண்டும்.

'காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம் எது?' என்ற வினாவை எடுத்துக்கொள்ளலாம். எதிர்பார்க்கப்படும் விடை முக்கொம்பு. திருவரங்கத் தீவுக்கு மேற்கே உள்ள அவ்விடத்தில்தான் ஆறு இரண்டாகிறது. ஆனால் தீவின் கிழக்கு முனையில் கல்லணை உள்ளது. அங்கும் காவிரியின் மிகைநீர் உள்ளாறு வழியாகக் கொள்ளிடத்திற்குத் திருப்பி விடப்படுகிறது. எனவே 'கல்லணை' என்று சொல்லும் அணி முறையீடு செய்ய இடமுண்டு. 'திருவரங்கத் தீவுக்கு மேற்கே, காவிரியிலிருந்து கொள்ளிடம் முதலில் பிரியும் இடம் எது?' என்று எழுதினால் அந்த இடைவெளி அடைபடுகிறது.

எண்ணிக்கையைக் கேட்கும் வினாக்களிலும் இதே சிக்கல் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம் 216 அடி என்று பல நூல்கள் கூறுகின்றன. யுனெசுகோவின் உலகப் பாரம்பரியக் குறிப்பில் அது 61 மீட்டர், அதாவது ஏறத்தாழ 200 அடி. எங்கிருந்து எதுவரை அளப்பது என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. 'விமானத்தின் உயரம் எவ்வளவு?' என்று நேரடியாகக் கேட்டால், வேறு நூலைப் படித்து வந்த மாணவர் தண்டிக்கப்படுகிறார். அதே விமானம் 13 நிலைகளைக் கொண்டது என்பதைக் கேட்டால் இச்சிக்கல் எழாது.

பட்டியல் கேட்கும் வினாக்களும் கவனத்திற்குரியவை. திருவையாறு என்ற பெயருக்குக் காரணமான ஐந்து ஆறுகளைச் சொல்லுமாறு கேட்பது எளிமையாகத் தோன்றும். ஆனால் ஒரு பட்டியலில் வடவாறும் வேறொரு பட்டியலில் அரிசிலாறும் இடம்பெறுகின்றன. இத்தகைய இடங்களில் பட்டியலைக் கேட்காமல், 'ஐந்து ஆறுகளைக் குறிக்கும் பெயருடைய, தியாகராசர் சமாதி அமைந்துள்ள காவிரிக்கரை ஊர் எது?' என்று ஊரையே விடையாக்குவது பாதுகாப்பானது.

வழக்காறும் சான்றும்

ஒரு செய்தி பலராலும் சொல்லப்படுவதால் மட்டும் அது வினாவுக்கு உரியதாகிவிடாது. தஞ்சைப் பெரிய கோயில் பற்றி மிகப் பரவலாகக் கேட்கப்படும் வினாக்களில் ஒன்று, 'நிழல் தரையில் விழாத கோபுரம் எது?' என்பது. இந்த வினா பல பொது அறிவுத் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. ஆனால் விமானத்தின் நிழல் தரையில் விழுகிறது. காலையிலோ மாலையிலோ கோயில் முற்றத்தில் நிற்பவர் எவரும் அதைக் காணலாம்.

இந்நம்பிக்கைக்கு இடம்கொடுத்த காரணம் ஒன்று விமானத்தின் வடிவில் உள்ளது. அதன் அடிப்பகுதி ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 30 மீட்டர் அகலமுடையது. மேலே செல்லச் செல்லக் குறுகுகிறது. தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10.8 பாகையில் உள்ளது. ஞாயிறு உச்சிக்கு அருகில் வரும் மாதங்களில் நண்பகல் நிழல் குறுகி, அகன்ற அடிப்பகுதியின் மீதே அடங்கிவிடுகிறது. ஏப்ரலில் ஒரு நாளும் ஆகஸ்டில் ஒரு நாளும் ஞாயிறு நேர் உச்சியில் வருவதால், அந்நாட்களின் நண்பகலில் அவ்வூரில் செங்குத்தான எந்தக் கம்பத்துக்கும் பக்கவாட்டில் நிழல் இராது. டிசம்பரிலோ ஞாயிறு நண்பகலிலும் ஏறத்தாழ 56 பாகை உயரத்தில்தான் இருக்கும். அப்போது விமான நிழல் வடக்கு முற்றத்தில் நீண்டு விழும்.

நிழலைக் கண்ணால் கண்ட உள்ளூர் மாணவர் 'விழும்' என்று சொன்னால் தவறு என்றும், காணாத மாணவர் 'விழாது' என்று சொன்னால் சரி என்றும் ஆக்குகிற வினா, போட்டியின் நோக்கத்தையே தலைகீழாக்குகிறது. அதே செய்தியை நல்ல வினாவாகவும் மாற்றலாம்: 'தஞ்சாவூரில் நண்பகலில் செங்குத்துக் கம்பத்தின் நிழல் முற்றிலும் மறையும் நாட்கள் ஆண்டுக்கு எத்தனை?' விடை: இரண்டு.

அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உள்ள செய்திகள் அடுத்த வகை. விமானத்தின் உச்சியில் உள்ள சிகரம் 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பது பரவலான கூற்று. யுனெசுகோ குறிப்பும் அதை ஒரே கல் என்றே கூறுகிறது. அது பல கற்களை இணைத்து அமைக்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். முடிவு எட்டப்படாத செய்தியை ஒற்றை விடை வினாவாக்குவது முறையன்று.

காலத்தை மயக்கும் வினாக்கள் மூன்றாம் வகை. 'இராசராச சோழன் பெரிய கோயிலில் அமைத்த பெரிய நந்தி எத்தனை கற்களால் ஆனது?' என்ற வினாவின் விடை 'ஒரே கல்' என்பது சரியே. ஆனால் இன்றுள்ள நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை. விடை சரியாக இருந்தும் வினாவுக்குள் பிழை புகுந்துவிடுகிறது. வினா அமைப்போர் விடையை மட்டுமல்லாமல், வினாவில் உள்ள ஒவ்வொரு செய்தியையும் சரிபார்க்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

பெரிய கோயிலைக் கட்டியவர் யார் என்ற வினாவுக்கே ஒரு காலத்தில் வேறு விடை வழங்கியது. தலபுராணம் கரிகால் சோழனைக் குறிப்பிட்டது. 1886இல் அரசுக் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்ற செர்மானிய அறிஞர் ஹுல்ஷ் கோயில் கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்ட பிறகு, முதலாம் இராசராசன் கட்டியது என்பது உறுதியாயிற்று. மன்னன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் குடம் அளித்த செய்தியும் கல்வெட்டிலேயே உள்ளது. இது கி.பி. 1010க்கு உரியது. கல்வெட்டு, அரசாணை, அளவைக் குறிப்பு போன்ற மூலச் சான்றை நெருங்க நெருங்க வினா உறுதிபெறுகிறது.

'முதல்', 'மிகப் பெரிய', 'உலகிலேயே' ஆகிய சொற்கள்

உச்சநிலையைக் குறிக்கும் சொற்கள் வரும் வினாக்களை இருமுறை சரிபார்ப்பது வழக்கம். 'உலகின் முதல் அணை எது?' என்பதற்குக் கல்லணை என்று விடை தருவது தவறு. எகிப்தில் நைல் பள்ளத்தாக்குக்கு அருகே சத் எல் கபாரா என்ற அணை 4,500 ஆண்டுகளுக்கு முன்பே கட்டப்பட்டது. கல்லணையின் சிறப்பு அதன் பழமை மட்டுமன்று. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் கரிகாலன் அமைத்ததாகக் கருதப்படும் அவ்விடத்தில், பிற்காலத் திருத்தங்களுடன் இன்றும் நீர்ப் பகிர்வு நடைபெறுகிறது என்பதே. சரியான வினா இந்தச் சிறப்பைத் தொட்டால், ஊரின் பெருமையும் குறைவதில்லை, உண்மையும் கெடுவதில்லை.

காலத்தால் மாறும் விடைகள்

எழுதிய நாளில் சரியாக இருந்த வினா சில ஆண்டுகளில் தவறாகிவிடலாம். 'தரங்கம்பாடி எந்த மாவட்டத்தில் உள்ளது?' என்ற வினாவுக்கு 1991 வரை விடை தஞ்சாவூர். அவ்வாண்டு நாகப்பட்டினம் மாவட்டம் பிரிக்கப்பட்ட பின் விடை நாகப்பட்டினம். 2020இல் மயிலாடுதுறை மாவட்டம் உருவான பின் விடை மயிலாடுதுறை. ஊர் நகரவில்லை, விடை இருமுறை நகர்ந்துள்ளது. பழைய தொகுப்பிலிருந்து வினாக்களை எடுத்தாள்வோர் அடிக்கடி இடறும் இடம் இது.

இதைத் தவிர்க்க இரு வழிகள் உள்ளன. ஒன்று, மாறாத கூறினைக் கேட்பது. கருநாடக இசை மும்மூர்த்திகள் பிறந்த 'மாவட்டம்' மாறலாம். பிறந்த ஊர் திருவாரூர் என்பது மாறாது. மற்றொன்று, வினாவிலேயே காலத்தைக் குறிப்பது. மேட்டூர் அணை குறுவைப் பாசனத்திற்காகத் திறக்கப்படும் வழக்கமான நாள் சூன் 12. ஆனால் 2022இல் மே 24 அன்றே அணை திறக்கப்பட்டது. நீர் குறைந்த ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போனதும் உண்டு. 'வழக்கமாக' என்ற ஒரு சொல் இருந்தால் வினா சரி. இல்லையென்றால் 'எந்த ஆண்டு?' என்ற எதிர்வினா எழும்.

புவிசார் குறியீடு பெற்ற பொருட்களின் எண்ணிக்கையும் இவ்வாறே மாறுவது. தஞ்சாவூர் ஓவியம், தலையாட்டி பொம்மை, கலைத்தட்டு, வீணை, நெட்டி வேலைப்பாடு எனப் பட்டியல் நீண்டு, 2025இல் கும்பகோணம் வெற்றிலையும் சேர்ந்தது. 'எத்தனை?' என்பதை விட, 'சதுப்பு நிலத் தாவரத்தின் மென்மையான தண்டைச் செதுக்கிக் கோயில் உருவங்கள் செய்யும் தஞ்சைக் கைவினை எது?' என்று கேட்பது நீடித்து நிற்கும். விடை: நெட்டி வேலைப்பாடு.

குறிப்பும் ஊகமும்

ஆண்டையும் எண்ணையும் மனப்பாடமாகக் கேட்கும் வினா, தெரிந்தவருக்கு ஒரு நொடியில் முடிகிறது. தெரியாதவருக்குச் சிந்திக்க எதுவும் இல்லை. விடை தெரியாதவரும் குறிப்புகளைக் கோத்து விடையை நெருங்க முடிவதே சிறந்த வினா. விடை வெளிப்பட்டதும் 'இது தோன்றாமல் போயிற்றே' என்று அரங்கம் எண்ணினால் வினா வெற்றி பெற்றதாகக் கொள்ளலாம்.

'டேனியர் எந்த ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்தனர்?' என்பது ஆண்டை மட்டும் கேட்கிறது. அதைப் பின்வருமாறு மாற்றலாம்: 'தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதர் காலத்தில், 1620இல், ஓர் ஐரோப்பிய நாடு காவிரிக் கழிமுகக் கடற்கரையில் தளம் அமைத்தது. போர்ச்சுகல், நெதர்லாந்து, பிரான்சு, இங்கிலாந்து ஆகிய நான்கும் அல்லாத அந்நாடு எது?' பாடநூலில் படித்த நான்கு நாடுகளை நீக்கிவிட்டு எஞ்சியதைத் தேட மாணவருக்கு வழி கிடைக்கிறது. விடை: டென்மார்க்கு.

நெல் வகைகளின் பெயர்களிலும் இத்தகைய வினா அமைகிறது. 'ஏ.எஸ்.டி. என்பது அம்பாசமுத்திரத்தையும் கோ என்பது கோயம்புத்தூரையும் குறிக்கும். எனில் ஏ.டி.டி. 36, ஏ.டி.டி. 43 ஆகிய நெல் வகைகளின் பெயரில் உள்ள தஞ்சாவூர் மாவட்ட ஊர் எது?' விடை: ஆடுதுறை. அங்கு 1922இல் தொடங்கப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையத்தை அறியாதவரும் எழுத்துகளைக் கொண்டு ஊரை ஊகிக்கலாம்.

வாசிப்புக்கு ஏற்ற நடை

வினாடி வினா வினா படிக்கப்படுவதை விடக் கேட்கப்படுவது. தமிழ்த் தொடரில் வினைமுற்றும் வினாச்சொல்லும் இறுதியில் வருகின்றன. பெயரைச் சிறப்பிக்கும் அடைகள் எல்லாம் அதற்கு முன்னால் குவிகின்றன. எழுத்தில் இயல்பாகத் தோன்றும் நீண்ட தொடர், ஒலிபெருக்கியில் கேட்கும்போது நினைவில் நிற்பதில்லை. எனவே ஒரு வினாவை இரண்டு மூன்று சிறு தொடர்களாகப் பிரித்து, கடைசித் தொடரில் மட்டும் வினாவை வைப்பது நல்லது.

பஸ்ஸர் சுற்றில் முதலில் பொத்தானை அழுத்தும் அணிக்கே வாய்ப்பு. அங்கே குறிப்புகளின் வரிசை முக்கியம். கடினமான குறிப்பு முதலிலும் எளிய குறிப்பு கடைசியிலும் வர வேண்டும். எடுத்துக்காட்டாக:

'கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் இவர் வாழ்ந்த வீடு நினைவில்லமாக உள்ளது. அவ்வூர் அரசுக் கல்லூரியில் ஒரே பாடத்தில் மூழ்கி, மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் உதவித்தொகையை இழந்தார். 1918இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1729 என்ற எண்ணோடு இணைத்துப் பேசப்படும் இவர் யார்?'

விடை: சீனிவாச இராமானுசன். இவ்வினாவில் அவர் 'கும்பகோணத்தில் பிறந்தவர்' என்று எழுதாமல் 'வாழ்ந்த வீடு' என்று எழுதியிருப்பது கவனிக்கத்தக்கது. அவர் வளர்ந்தது கும்பகோணம், பிறந்தது ஈரோடு.

'அரசி', 'மாமன்னன்' போன்ற சொற்கள் தேவையற்ற இடத்தில் விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். 'இவர்' என்ற சொல் ஆண், பெண் இருபாலுக்கும் பொதுவாக நிற்பதால் அதையே பயன்படுத்துவது ஏற்றது. ல, ள, ழ வேறுபாட்டில் மட்டும் விடை தங்கியிருக்கும் வினாக்களை வாய்மொழிச் சுற்றில் தவிர்ப்பது நல்லது.

தெரிவுகள் அமைத்தல்

நான்கு தெரிவுகள் உள்ள வினாவில், தவறான மூன்று தெரிவுகளை எழுதுவதே கடினமான பகுதி. அவை மூன்றும் நம்பத்தக்கவையாகவும் ஒரே இனத்தைச் சேர்ந்தவையாகவும் இருக்க வேண்டும். 'ஸ்டான்லி நீர்த்தேக்கம் எனப்படுவது எது?' என்ற வினாவுக்கு மேட்டூர், வைகை, பவானிசாகர், கிருட்டிணகிரி என்று தருவது பொருத்தம். மேட்டூர், மெரினா, மகாமகக் குளம், கல்லணை என்று தந்தால் இரண்டு தெரிவுகள் பார்த்தவுடன் விலகிவிடும். சரியான தெரிவு மட்டும் மற்றவற்றை விட நீளமாக இருப்பது, எப்போதும் மூன்றாம் இடத்தில் வருவது போன்றவற்றைத் தேர்ந்த போட்டியாளர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவர்.

ஏற்கத்தக்க விடைகள்

தமிழ்நாட்டில் ஓர் ஊருக்கோ கோயிலுக்கோ பல பெயர்கள் வழங்குகின்றன. பெரிய கோயிலுக்குப் பெருவுடையார் கோயில், பிரகதீசுவரர் கோயில், இராசராசேச்சரம் ஆகிய பெயர்கள் உள்ளன. மயிலாடுதுறையை மாயவரம், மாயூரம் என்று சொல்லும் முதியோர் இன்றும் உண்டு. இராசராசனின் இயற்பெயர் அருள்மொழி, அருண்மொழி என்று இருவகையாக எழுதப்படுகிறது. விடைக்குறிப்பில் முதன்மை விடையோடு ஏற்கத்தக்க பிற வடிவங்களையும், ஏற்கக்கூடாத நெருங்கிய விடைகளையும் எழுதி வைத்தால், மேடையில் நடுவர் திடீர் முடிவு எடுக்க நேராது.

யாருடைய அறிவு

வினாத்தொகுப்பு முழுவதும் ஆங்கில நூல், வெளிநாட்டு விளையாட்டு, திரைப்படம் ஆகியவற்றிலிருந்தே வந்தால், நகர்ப்புற மாணவருக்கு அது சாதகமாகிறது. கழிமுகச் சிற்றூர்களின் மாணவர்கள் நாள்தோறும் அறிந்து வைத்திருப்பவையும் பொது அறிவே. 'குறுவை அறுவடைக்குப் பின் அதே வயலில் நடப்படும் இரண்டாம் போகத்திற்கு, அறுத்த பயிரின் எஞ்சிய பகுதியைக் கொண்டு அமைந்த பெயர் என்ன?' என்ற வினாவுக்கு வயலோரம் வளர்ந்த மாணவர் 'தாளடி' என்று உடனே சொல்வார். நகர மாணவரும் 'தாள்' என்ற சொல்லைக் கொண்டு சிந்திக்கலாம். உள்ளூர் அறிவு, பாட அறிவு, உலக அறிவு மூன்றும் கலந்திருக்கும் தொகுப்பில் எந்த அணியும் முழுக்க வெளியே நிற்பதில்லை.

கடினத்தன்மையிலும் இச்சமநிலை தேவை. ஒரு சுற்றில் எல்லா அணிகளும் குறைந்தது ஒரு வினாவுக்காவது விடை சொல்லும் வகையில் எளியவை, இடைநிலையானவை, கடினமானவை ஆகியவற்றைக் கலந்து வைப்பது வழக்கம். நேரடிச் சுற்றில் ஒவ்வோர் அணிக்கும் வரும் வினாக்கள் ஒத்த கடினத்தன்மை கொண்டவையா என்று முன்பே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சரிபார்த்தல்

பல தொகுப்புகள் ஒன்றையொன்று பார்த்து எழுதப்படுகின்றன. எனவே ஒரே செய்தி பத்து நூல்களில் இருப்பது பத்துச் சான்றுகள் ஆகாது. இதற்கு உலகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1974இல் பிரெட் வொர்த் என்பவர் வெளியிட்ட பொது அறிவுக் களஞ்சியத்தில், தன் நூலைப் பார்த்து எழுதுவோரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக ஒரு பொய்ச் செய்தியைச் சேர்த்திருந்தார். தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதற்பெயர் 'பிலிப்' என்பதே அது. 'டிரிவியல் பர்சூட்' என்ற புகழ்பெற்ற வினா விளையாட்டில் அதே விடை அச்சாகி வந்தது. 1984இல் அவர் தொடுத்த வழக்கு, செய்திகளுக்குப் பதிப்புரிமை இல்லை என்ற அடிப்படையில் தள்ளுபடியானது. வழக்கில் அவர் தோற்றாலும், வினா அமைப்போர் நூலை நம்பிச் சான்றைத் தேடாமல் விட்டதை அந்நிகழ்வு வெளிப்படுத்தியது.

வினாவை எழுதியவரே அதைச் சரிபார்ப்பதை விட வேறொருவர் சரிபார்ப்பது சிறந்தது. எழுதியவருக்கு விடை தெரிந்திருப்பதால் வினாவில் உள்ள இடைவெளி அவர் கண்ணில் படுவதில்லை. சரிபார்ப்பவர் கீழ்க்கண்டவற்றைப் பார்க்கலாம்:

1. விடையைப் படிக்காமல் வினாவை மட்டும் கேட்டு, வேறு விடை பொருந்துகிறதா என்று பார்த்தல்.
2. விடைக்கு ஒன்றையொன்று சாராத இரு சான்றுகள் உள்ளனவா என்று பார்த்தல்.
3. வினாவுக்குள் இருக்கும் பெயர், ஆண்டு, இடம் ஒவ்வொன்றையும் தனித்தனியே சரிபார்த்தல்.
4. போட்டி நாளன்றும் விடை சரியாக உள்ளதா என்று உறுதிசெய்தல்.
5. உரக்க வாசித்து, ஒரே முறையில் புரிகிறதா என்று பார்த்தல்.

மேடையில் முறையீடு

எவ்வளவு கவனமாக எழுதினாலும் சில வினாக்கள் மேடையில் சிக்கலை எழுப்பும். அப்போது அணி தன் விடைக்கான காரணத்தைச் சொல்ல வாய்ப்பளித்து, நடுவர் விடைக்குறிப்போடும் சான்றோடும் ஒப்பிட்டு முடிவு செய்வது முறை. இரு விடைகளும் பொருந்துமெனில் இரண்டையும் ஏற்கலாம். அல்லது அவ்வினாவை நீக்கி மாற்று வினா கேட்கலாம். இதற்காக ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு மூன்று மாற்று வினாக்களை வைத்திருப்பது நல்லது. தவறான விடை அறிவிக்கப்பட்டிருந்தால், மதிப்பெண்ணைத் திருத்துவதோடு சரியான செய்தியையும் அரங்கிற்குச் சொல்ல வேண்டும்.

மாதிரி வினாக்கள்

மேற்கண்ட முறைகளில் அமைந்த சில வினாக்கள் வருமாறு:

1. 1954இல் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்டு 1978இல் செல்லாததாக்கப்பட்ட ஒரு நோட்டில் தஞ்சைப் பெரிய கோயிலின் படம் இருந்தது. கோயிலுக்கு 2010இல் நிறைவுற்ற ஆண்டுகளின் எண்ணிக்கையும் அந்நோட்டின் மதிப்பும் ஒன்றே. அந்நோட்டின் மதிப்பு எவ்வளவு? விடை: 1000 ரூபாய். (கோயிலின் ஆண்டை அறிந்தவர் நோட்டை அறியாமலும் விடை சொல்லலாம்.)

2. தஞ்சாவூர், தாராசுரம் கோயில்களுடன் சேர்த்து 'அழியாத சோழர் பெருங்கோயில்கள்' என்ற பெயரில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள மூன்றாவது கோயில், தந்தையின் கோயிலைப் போன்று மகன் கட்டியது. அது எந்த ஊரில் உள்ளது? விடை: கங்கைகொண்ட சோழபுரம். (தந்தை, மகன் என்ற குறிப்பு இராசேந்திரனை நினைவூட்டுகிறது.)

3. அடிப்பகுதி உருண்டையாகவும் கனமாகவும் இருப்பதால் ஈர்ப்பு மையம் தாழ்ந்து, எப்படிச் சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும் பொம்மை, எந்த ஊரின் பெயரால் புகழ்பெற்றது? விடை: தஞ்சாவூர். (அறிவியல் காரணமும் வினாவோடு அறிமுகமாகிறது.)

4. நாயக்கர் காலத்தில் தோன்றி, மராத்திய மன்னர் இரண்டாம் சரபோசியால் வளர்க்கப்பட்டு, 1918இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தஞ்சை நூலகம் எது? ஏற்கத்தக்க விடைகள்: சரசுவதி மகால் நூலகம், சரபோசி மன்னர் சரசுவதி மகால் நூலகம்.

இவ்வினாக்களின் விடைகளை முன்பே அறிந்தவர் மதிப்பெண் பெறுகிறார். அறியாதவர் குறிப்புகளைக் கொண்டு முயன்று பார்க்கிறார். தோற்ற அணியும் அரங்கில் அமர்ந்து கேட்டவரும் சரியான செய்தி ஒன்றை அறிந்து செல்கின்றனர்.